வியாழக்கிழமைக்குள் ஒரு ஏர் ஃபில்டர் பாக்ஸ்

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் கார் நின்றுபோனது. என் மனைவி பின்சீட்டில் சாய்ந்து படுத்திருந்தாள். அன்று திங்கட்கிழமை. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டயாலிசிஸ் முடிந்து திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாரத்தில் திங்களும் வியாழனும் அவளுடைய முறை. ரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுவார்கள். முடிந்து வெளியே வரும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பாள். கால் இழுக்கும். சில நாள் வாந்தி. சில நாள் நல்ல வெயிலிலும் குளிரும்.

கார் முதலில் இருமியது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் ஒரு தயக்கம். மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. "முருகா, ஊர் போய்ச் சேர்த்துடு" என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் என்ஜின் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். திரும்பத் திரும்பத் திருப்பினேன்.

"விடுங்க. அதுக்கும் களைப்பா கீதோ இன்னாவோ," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

எதிரே இருந்த டீக்கடைக்கார அம்மாள் ஓடிவந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரை எழுப்பிவிட்டாள். "மொதல்ல இந்தம்மாவ படுக்க வைய்யா. வண்டிய அப்பால பாரு." பெஞ்சில் படுக்கவைத்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். என் மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"இந்த வெயில்ல தண்ணி வேணாமா?"

"குடிக்கக் கூடாதுமா. அளவு கீது."

"தண்ணிக்கு அளவா? யாரு சொன்னது?" என்று அந்த அம்மாள் என்னை முறைத்தாள். நான்தான் அளவு வைத்தவன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவளிடம் சிறுநீரகத்தைப் பற்றி விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒரு கண் பெஞ்சில், ஒரு கண் காரில். வெகுநேரம் கழித்து என்ஜின் பிடித்தது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, மாட்டுவண்டி வேகத்தில் ஊர் வந்து சேர்ந்தோம்.

வீட்டில் அவளைப் படுக்கவைத்ததும் என் மனம் வியாழக்கிழமைக்குத் தாவிவிட்டது. அதற்குள் வண்டி சரியாக வேண்டும்.

வாடகைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகலாமே என்று சொல்பவர்கள் உண்டு. போயிருக்கிறோம். வாடகை வண்டியில் அவள் முந்தானையை வாயில் வைத்து வாந்தியை அடக்கிக்கொண்டு, டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாள். நிறுத்தச் சொல்ல மாட்டாள். வாரத்துக்கு இரண்டு முறை வாடகை கொடுக்க எங்கள் கடையும் தாங்காது. மலையடிவாரத்தில் பூ, தேங்காய், கற்பூரம் விற்கும் சின்னக் கடை. ரயிலிலும் போய்ப் பார்த்தாயிற்று. திரும்பி வரும்போது கூட்டத்தில் இறங்கி, பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஊசி குத்திய கையில் மறுபடி ரத்தம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் இந்தப் பழைய காரை வாங்குவது என்று முடிவு செய்தேன். இதில் அவள் "நிறுத்துங்க" என்றால் நிறுத்துவேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் நிறுத்துவேன். அவள் திங்களும் வியாழனும் தவறாமல் போய்வந்துகொண்டிருக்கிறாள் என்றால் அது இந்தக் காரால்தான். ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையைத் திறந்து, விளக்கேற்றி, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் என்னைவிட வயதில் சின்னவர். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நைனா, இன்னா இது? என்ஜினுக்கு மாலை போட்டுகிறீங்க?"

எட்டிப் பார்த்தேன். என்ஜின் ஓரமாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள்தான் ஏர் ஃபில்டர் இருக்கும். வெளிக்காற்று அதன் வழியாகத்தான் வடிகட்டப்பட்டு என்ஜினுக்குள் போகும். அந்த டப்பாவைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பூ கட்டும் நூல். முடிச்சுகளைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. எங்கள் கடையில் கதம்பம் கட்டும் அதே முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

மெக்கானிக் பிளேடால் நூலை அறுத்து மூடியைத் தூக்கினார். உள்ளே ஃபில்டரின் மடிப்புகளில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மாவு மாதிரி. மூலையில் காகிதப் பொட்டலங்கள். சில கிழிந்து ஃபில்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் விரலால் தொட்டு முகர்ந்தார். நான் முகராமலே சொல்லிவிட்டேன்.

"விபூதி."

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். மெக்கானிக் ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"ஏம்மே, வண்டி உள்ள விபூதி வெச்சியா?"

"யாரு சொன்னது?" என்றாள்.

"வண்டியே சொல்லுது."

"அந்த மெக்கானிக் தம்பிதான அன்னிக்கு சொல்லிச்சு, இதான் வண்டிக்கு மூக்குன்னு. அது இருமிக்கினே கெடந்துச்சு. கொழந்தைங்க இருமுனா திருநீறு வெச்சு, ஒரு துளி வாயில போடறது இல்லியா? அதான்."

மெக்கானிக் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "அக்கா, மூக்குல போட்டா யாரா இருந்தாலும் தும்முவாங்கக்கா."

"நான் பொட்டலமாத்தான் தம்பி வெச்சேன். பிரிக்கல."

"என்ஜினு பிரிச்சிக்கிச்சிக்கா."

"ஐயய்யோ," என்றாள். உண்மையிலேயே பதறிவிட்டாள். பிறகு அவளாகவே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிருத்திகைதோறும் வண்டிகள் ஏறும் கார் ரோடு வழியாக மலைக்குப் போவோம். தரிசன வரிசையில் அவளால் நிற்க முடியாது. காரிலேயே உட்கார்ந்து கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள். நான் உள்ளே போய் அர்ச்சனை செய்துவிட்டு வருவேன். போன தடவை நான் கொண்டுவந்து கொடுத்த விபூதிப் பொட்டலத்தைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கிருத்திகையில் நான் உள்ளே போயிருக்கும் நேரத்தில் இறங்கி, பானெட்டைத் தூக்கி, மூக்கில் வைத்திருக்கிறாள். டப்பாவின் கிளிப் வரவில்லை என்று ஒரு நாள் கரண்டிக் காம்பால் நெம்பியிருக்கிறாள். கிளிப் தெறித்துவிட்டது. கூடவே டப்பாவின் ஓரமும் விண்டுவிட்டது. அதனால்தான் நூல்.

"கெட்டியாத்தான கட்டுனேன்?" என்றாள்.

"கெட்டிதான்," என்று ஒப்புக்கொண்டார் மெக்கானிக். "அறுக்கறதுக்குள்ள எனக்குத் தாவு தீர்ந்துடுச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்காகவோ தனக்காகவோ வேண்டிக்கொள்ளாமல், இந்த வண்டிக்காக அவள் தனியாக நின்று கும்பிட்டிருக்கிறாள். நான் உள்ளே சந்நிதியில் நின்று அவளுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில். என் முகம் மெக்கானிக்குக்குத் தெரியாமலிருக்க டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

வடிகட்டியை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். மெக்கானிக் டப்பாவைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். விண்ட இடம் அடிவரை ஓடியிருந்தது. காற்றை அளக்கும் சென்சார் உட்காரும் மூலையில் ஒரு சில்லே இல்லை. அந்த வழியாகத் தூசி நேராக என்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்தது. டேப் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும்தான் போனது. மஞ்சள் விளக்கு மறுபடி வந்துவிட்டது.

"டப்பாவே மாத்தணும் நைனா. அரக்கோணத்துல ஸ்பேர் பார்ட்ஸ் கடை கீது. இந்த மாடலுக்கு எல்லாம் ஒண்ணுதான். எதுனா ஒண்ண வாங்கிக்கினு வாங்க, போட்டுடலாம்."

எல்லாம் ஒன்று இல்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. போனில் எடுத்த போட்டோவைக் காட்டி அரக்கோணத்தில் ஒரு டூப்ளிகேட் டப்பா வாங்கிவந்தேன். பளபளவென்று இருந்தது. கிளிப்கள் படக் படக்கென்று அழகாக உட்கார்ந்தன. கடைசியில் சென்சாரைச் சொருகப் போனால் அதற்கு ஓட்டையே இல்லை. எங்கள் வண்டியில் சென்சார் டப்பாவில் உட்காரும். அதற்குப் பின்னால் வந்த வண்டிகளில் வேறு இடத்தில் உட்காருமாம். ஓட்டை போட்டுவிடலாம் என்று மெக்கானிக் டிரில்லிங் மெஷினைக்கூட எடுத்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரருக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷர். கொண்டுவந்து கொடுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்றார். கம்பெனி ஒரிஜினல் டப்பா, சென்சார் ஓட்டையோடு, சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிறேன், அடுத்த வாரம் ஆகும் என்றார்.

அடுத்த வாரம். வியாழக்கிழமை இந்த வாரத்தில் இருக்கிறது.

இன்னொரு வழியை மெக்கானிக் சொன்னார். மாநில எல்லையைத் தாண்டி, நகரிக்கும் அப்பால் புத்தூர் ரோட்டில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஷெட் இருக்கிறது. அங்கே எங்கள் மாடல் வண்டி ஒன்று கிடக்கிறதாம். "ஆக்சிடென்ட் வண்டியான்னு தெரியாது நைனா. அங்க வர்றதுல பாதி அதான்."

அந்த ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. யாரோ செத்துப்போன வண்டியின் மூக்கை எடுத்து எங்கள் வண்டியில் மாட்டி, அதில் உடம்பு முடியாத இவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவதா? பழைய சாமான் வாங்குவதில் எனக்கு வெட்கம் கிடையாது. எங்கள் காரே மூன்று கை மாறி வந்ததுதான். ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. கடையில் உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஒருவர் அர்ச்சனைத் தட்டு கேட்டார். தேங்காய் வைத்தேன், பூ வைத்தேன், வெற்றிலை வைத்தேன், கற்பூரத்தை மறந்துவிட்டேன். அவர் பாதிப் படி ஏறிவிட்டு இறங்கி வந்தார். "சாமி, மனசு எங்க கீது?" என்று கேட்டார். புத்தூர் ரோட்டில் இருக்கிறது என்று சொல்லவா முடியும்?

இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும்போது எங்கள் வீட்டில் பூ போட்டுப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்து, சாமி முன்னால் வைத்து, கும்பிட்டு, ஒன்றை எடுப்போம். வந்த பூ எதுவோ அதுதான் உத்தரவு. அவளுடைய அப்பா வீட்டில் எங்கள் கல்யாணத்தையே அப்படித்தான் முடிவு செய்தார்களாம். விளக்கு வைத்தபின் ஒன்றில் மல்லிகையும் ஒன்றில் அரளியும் வைத்து மடித்தேன். வெள்ளை வந்தால் ஒரிஜினல். சிவப்பு வந்தால் புத்தூர். அவளையே எடுக்கச் சொன்னேன். அவள் சுவரைப் பிடித்து வந்து, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

மல்லிகை.

"இன்னா கேட்டீங்க?"

"புதுசா பழசான்னு. வெள்ளைன்னா புதுசு. அடுத்த வாரம்தான் வருமாம்."

அவள் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"முருகருக்கு வியாழக்கெழம டயாலிசிஸ் இருக்குதா?"

"அப்பிடிலாம் பேசாதமே."

"கேக்கறேன். இருக்குதா? எனக்குத்தான இருக்குது."

சாமி படத்தைப் பார்த்தேன்.

"நீங்க கேட்டதே சரியில்ல," என்றாள். "எது நல்லதுன்னு கேட்டுகிறீங்க. புதுசுதான் நல்லதுன்னு அவரு சொல்லிட்டாரு. யாரக் கேட்டாலும் அதான சொல்லுவாங்க? வியாழக்கெழமைக்கு எதுன்னு கேட்டீங்களா?"

"அப்ப, இன்னொரு தடவ போட்டுப் பாக்கட்டா?"

"பூக்கடை வெச்சிகினு கீறோம்னு போட்டுக்கினே இருப்பீங்களா? ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான். புதுசுக்குச் சொல்லி வெச்சுடுங்க, அவரு வார்த்தைக்கு. காலையில புத்தூருக்குப் போய்க்கினு வாங்க, என் வார்த்தைக்கு."

"அது செத்த வண்டியோ இன்னாவோ."

"நான் மட்டும் இன்னா, முழுசா உயிரோடவா கீறேன்? எனக்கு வடிகட்ட மெஷினு, அதுக்கு வடிகட்ட டப்பா. ரெண்டும் ஒண்ணா போய் வரட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் பாதம் வீங்க ஆரம்பித்திருந்தது. அழுத்தினால் குழி விழுந்தது. வியாழன் நெருங்க நெருங்க அப்படித்தான் ஆகும். அந்தக் குழி திரும்ப எழுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை காலையில், உடைந்த டப்பாவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போட்டோவை நம்பி ஒரு முறை ஏமாந்தது போதும். பக்கத்து சீட்டுக்காரர் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த டப்பாவின் காற்றுக் குழாயைப் பார்த்துவிட்டு, "நாதஸ்வரமா?" என்று கேட்டார். காருக்கு மூக்கு என்றேன். அவர் அப்புறம் என்னோடு பேசவில்லை.

ஷெட் ரோட்டை ஒட்டி இருந்தது. கதவில்லாத கார்கள், கண்ணில்லாத கார்கள், ஒன்றின்மேல் ஒன்று. எனக்கு உள்ளே போகவே கால் வரவில்லை. ஷெட்காரர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரா பாவா, ரா," என்று மச்சானைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார். தெலுங்கில் ஆரம்பித்தவர் என் நெற்றி விபூதியையும் மஞ்சள் பையையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "திருத்தணியா? வா வா. இட்லி துன்றியா?"

வேண்டாம் என்று சொல்லி டப்பாவை எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீது," என்றார். "அந்த ஓரத்துல வெள்ளைக் காரு. டப்பா நல்லா கீது."

"ஆக்சிடென்ட் வண்டியா?"

"பின்னே? வண்டிங்க எல்லாம் இங்க கல்யாணத்துக்கா வருது பாவா?"

நான் திரும்பிப் போகலாமா என்று பையை மடித்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு வண்டி?"

சொன்னேன். நிறைய சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. டயாலிசிஸ், வியாழக்கிழமை, டீக்கடை பெஞ்சு, விபூதி வரைக்கும் சொல்லிவிட்டேன். விபூதியைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரி என்ஜினுல எலுமிச்சம்பழம் வெச்சி, அது பெல்ட்டுல மாட்டிக்கிச்சு," என்றார். பிறகு எழுந்து, "வா, நீயே பாத்துக்கோ," என்று கூட்டிக்கொண்டு போனார்.

அந்த வெள்ளைக் காருக்கு முன்பக்கம் நசுங்கவில்லை. பின்பக்கமும் நசுங்கவில்லை. கண்ணாடிகூட முழுசாக இருந்தது. ஆனால் உள்ளே சீட்டுகளின் பாதி உயரம் வரை பழுப்பாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எல்லாமே சேற்று நிறம்.

"சென்னையில மழ வந்துச்சே, அப்ப தண்ணியில நின்ன வண்டி," என்றார். "என்ஜினு தண்ணி குடிச்சிட்டுது. ஸ்டார்ட் பண்ணாங்க, செத்துடுச்சு. செத்தது வண்டிதான் பாவா. மனுசன் லேது. யாரும் சாவல."

"உண்மையாவா?"

"திருத்தணிக்காரன்கிட்ட பொய் சொல்லிட்டு, நான் அப்பறம் மலை ஏற வேணாமா?"

டப்பாவைக் கழற்றித் தந்தார். கையில் வாங்கி மூடியைத் திறந்தேன். மூலையில் காய்ந்த சேறு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. சென்சார் ஓட்டை இருந்தது. எங்கள் உடைந்த டப்பாவை அதன்மேல் வைத்து ஓட்டைக்கு ஓட்டை, திருகு மாட்டும் காதுக்குக் காது பொருத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியும் கிளிப்களைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே நின்றேன். ஷெட்காரர் மறுபடி கட்டிலில் போய் உட்கார்ந்து, "பாவா, அது டப்பா. பொண்ணு பாக்க வந்தா மாதிரி நிக்கறியே," என்று கத்தினார்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் வெள்ளத்தில் நின்ற அந்த வண்டியின் கதையைச் சொன்னேன். அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சேற்றைப் பார்த்தாள்.

"பாவம். அதுவும் தண்ணி அதிகமா குடிச்சித்தான் கெட்டுதா?"

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் அவளே தேய்த்தாள். நான் செய்கிறேன் என்றதற்குக் கொடுக்கவில்லை. ஊசி குத்தும் கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் மெதுவாக, ஒவ்வொரு மூலையாக. வெயிலில் காயவைத்து, மத்தியானத்துக்கு மேல் மெக்கானிக் ஷெட்டுக்கு எடுத்துப் போனேன். புது ஃபில்டர் போட்டு, சென்சாரைத் துடைத்து மாட்டினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. கார் ரோட்டில் பாதி மலை வரை ஏறி இறங்கிப் பார்த்தோம். மெக்கானிக்குக்கு என்னைவிடச் சந்தோஷம். போகும்போது மட்டும், "அக்காகிட்ட சொல்லுங்க நைனா. மூக்குன்னு நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது," என்றார்.

வியாழக்கிழமை காலையில் அவள் பானெட்டைத் தூக்கச் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. விரலில் விபூதியைத் தொட்டு, டப்பாவின் வெளியே, மூடியின்மேல், மூன்று கோடு இழுத்தாள்.

"உள்ள போடல. பாத்துக்கினீங்கல்ல?"

"பாத்துக்கினேன்."

போகும்போது நான் ஏசி போடவில்லை. ரேடியோ போடவில்லை. காதை என்ஜினிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்கினேன். அவள் ஏதோ கேட்டால்கூட, "இரு, இரு" என்றேன். வண்டி எந்தக் குறையும் வைக்கவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அவளை உள்ளே படுக்கவைத்து, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகும் நான் வராந்தாவில் உட்காரவில்லை. வெளியே வந்து காரைப் பார்ப்பது, உள்ளே போய் அவளைப் பார்ப்பது. வாட்ச்மேன் மூன்றாவது தடவை கேட்டேவிட்டார், "வண்டிக்கும் உள்ள பெட் போடச் சொல்லட்டுமா?"

திரும்பும்போது கனகம்மாசத்திரம் நெருங்கியது. பின்சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"நிறுத்துங்க."

"வாந்தி வருதா?"

"இல்ல. அந்த டீக்கடைக்காரம்மாவ பாத்துட்டுப் போலாம். அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லாம வந்துட்டேன்."

நிறுத்தினேன். என்ஜினை நிறுத்தவில்லை. இதே இடம். இங்கேதான் அடங்கியது. சாவியில் கை வைத்தால் மறுபடி பிடிக்காமல் போய்விடும் என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் கதவைத் திறந்து, சீட்டைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். கடைக்கார அம்மாள் கல்லாவை விட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாகிறியா? அன்னிக்கு மூஞ்சிய பாத்து பயந்துட்டேன். இன்னிக்காவது தண்ணி குடிக்க உட்டாரா?"

"ஒரு வாய் குடிப்பேன். மீதி அளவு வீட்டுல கீது."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் கார் பக்கத்திலேயே நின்றேன். உறுமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்யா, வண்டிய நிறுத்தேன். பொகையெல்லாம் வடைமேல வருது. பெட்ரோலும் சும்மா போவுது."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"நிறுத்துங்க. நான் இங்கதான கீறேன்."

சாவியைத் திருப்பினேன். என்ஜின் அடங்கியது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்தேனா என்று ஞாபகம் இல்லை. அவள் ஒரு வாய்த் தண்ணீரை அவசரமில்லாமல் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள். கடைக்கார அம்மாளிடம் விபூதிக் கதையை முதலிலிருந்து சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், சாவி மட்டும் என் உள்ளங்கையில் இல்லாமல் இருந்திருந்தால்.

ஏறி உட்கார்ந்து, "முருகா" என்று சொல்லித் திருப்பினேன். ஒரே திருப்பில் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். படுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அரக்கோணத்திலிருந்து ஒரிஜினல் டப்பா வந்தது. பூ சொன்ன டப்பா. நன்றாக ஓடுவதை எதற்குக் கழற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். சாமி உத்தரவு கொடுத்த பொருளை மாட்டாமல் வைத்திருக்கலாமா என்று எனக்கு உறுத்தியது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கடையில் கற்பூர டப்பாக்களுக்குப் பக்கத்தில், முருகர் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். கவரைக்கூடப் பிரிக்கவில்லை. அர்ச்சனைத் தட்டு வாங்க வருபவர்கள் சிலர் அதையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

திங்களும் வியாழனும் கிளம்பும்போது காரைக் கடை வாசலில் நிறுத்தி ஒரு தடவை அதைப் பார்ப்பேன். மாட்டிவிடலாமா, இன்னும் ஒரு வாரம் போகட்டுமா என்று நினைப்பேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து குரல் வந்துவிடும்.

"அதையே பாத்துக்கினு கீறீங்க. வண்டிய எடுங்க, நேரமாவுது."